சமவெளி வீட்டில் ரோஜா அடுக்கு சக்குலென்ட்: வாங்குவது முதல் பிழைக்க வைப்பது வரை

இலைகள் அடுக்கடுக்காக ரோஜா மாதிரி விரிந்திருக்கும் குட்டிச் சக்குலென்ட்டை (தடித்த இலைக்குள் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் செடி) ஆசையாக வாங்கி வந்து, மூன்றாவது மாதம் வெறும் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். "வாரம் ஒரு தடவை தண்ணி ஊத்துங்க, நல்ல வெயில்ல வைங்க, அவ்வளவுதான்" என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்திருப்பார். ஊட்டியில் இருப்பவருக்கு அது சரியான யோசனை. சென்னை, மதுரை, திருச்சியில் இருப்பவருக்கு இல்லை. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளும் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. உறைபனியிலிருந்து செடியை எப்படிக் காப்பாற்றுவது என்பது அவர்கள் கவலை. நம் கவலை மே மாத இரவு. பகல் வெயிலைச் சொல்லவில்லை, இரவைத்தான் சொல்கிறேன். மண், தொட்டி எல்லாம் அப்புறம் பார்க்கலாம். இந்த ஒன்று புரிந்துவிட்டால் மீதி பாதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

இரவில்தான் இதற்கு வேலை

ரணகள்ளி பார்த்திருப்பீர்கள், இலை ஓரத்திலேயே குட்டி போடுமே, அது. அதன் இலை விடியற்காலையில் நன்றாகப் புளிக்கும், நண்பகலில் புளிப்பு போய்விடும். (மென்று பார்க்கச் சொல்லவில்லை.) மெட்ராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் இருந்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் இதைக் கவனித்து லண்டனுக்கு எழுதிய கடிதம் 1815இல் அச்சாகியிருக்கிறது. ரோஜா அடுக்கு என்று நாம் பெரும்பாலும் வாங்கும் எச்சிவேரியாவும் ரணகள்ளியின் குடும்பம்தான், இரண்டுக்கும் ஒரே பழக்கம். மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். வறண்ட பாறையில் வளரும் இந்தச் செடிகள் பகலில் திறந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரெல்லாம் ஆவியாகிவிடும் என்பதால் இரவில் திறக்கின்றன, வாங்கிய வாயுவை அமிலமாக மாற்றி இலைக்குள் சேர்த்து வைக்கின்றன, பகலில் துளையை மூடிக்கொண்டு வெளிச்சத்தை வைத்து அதைச் சர்க்கரையாக்கிக்கொள்கின்றன.

இதற்கு இரவு குளிர்ந்தாக வேண்டும். எச்சிவேரியாவின் சொந்த ஊர் பெரும்பாலும் மெக்சிகோவின் மலைப்பகுதிகள். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட அதே மாதிரியான இடம். அங்கே கோடையிலும் இரவு பன்னிரண்டு டிகிரி பக்கம் இறங்கிவிடும். சென்னையில் மே, ஜூன் இரவு பெரும்பாலும் 27, 28 டிகிரியோடு நின்றுவிடும். அந்தச் சூட்டில் இலைத்துளைகள் சரியாகத் திறப்பதில்லை, சேர்த்து வைத்த உணவும் வீணாகிறது, செடி பாதித் தூக்கத்துக்குப் போய்விடுகிறது, வேர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறது. நாமோ "ஐயோ, வெயில் கொளுத்துதே" என்று தினமும் ஊற்றுகிறோம். குடிக்க ஆளில்லாத தண்ணீர் சூடான மண்ணில் தேங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். காலையில் பார்த்தால் அடித்தண்டு கொழகொழவென்று இருக்கும், தொட்டால் தலை தனியாக வந்துவிடும். ஏப்ரல் முதல் ஜூலை வரை செத்துப்போகும் செடிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

ஆகவே சமவெளிக்கான விதி கொஞ்சம் தலைகீழ்: வெயில் ஏற ஏறத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் ஆரம்பம் வரைதான் செடி நன்றாக வளரும் காலம், தாராளமாக ஊற்றுவதென்றால் அப்போது ஊற்றுங்கள்.

எதை வாங்குவது

முதல் செடி என்றால் எச்சிவேரியா வேண்டாம். ஆசையாக இருக்கும், தெரியும், ஆனால் வேண்டாம்.

வரிக்குதிரை மாதிரி வெள்ளைக் கோடு போட்ட ஹவார்த்தியாவில் தொடங்குங்கள். தென்னாப்பிரிக்கச் செடி, அங்கே புதர் நிழலிலும் பாறை இடுக்கிலும் வளர்வது, அதனால் நேர் வெயில் கேட்காது. கிழக்குப் பார்த்த ஜன்னலோரம், வெளிச்சமான வராந்தா போதும். நம் ஊர்ச் சூட்டைப் பெரிதாகப் பொருட்படுத்தாது, பக்கத்தில் குட்டியும் போடும். கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் இலை நுனி கொண்ட கூப்பரி வகை இன்னும் அழகு, ஆனால் கோடையில் கொஞ்சம் சுருங்கி முறைத்துக்கொண்டு நிற்கும். காஸ்டீரியாவும் இதே கணக்கு, நிழலில் சமாளிக்கும். சின்ன வயதில் இரண்டு வரிசையாகத்தான் இலை விடும், சில வகைகள் வளர வளர அடுக்காகச் சுழன்றுகொள்ளும்.

மொட்டைமாடியில் நல்ல வெயில் இருக்கிறது, ரோஜா அடுக்குதான் வேண்டும் என்றால் கோஸ்ட் பிளான்ட் என்று விற்கும் கிராப்டோபெட்டலம் பராகுவாயென்ஸ். சாம்பல், லேசான ஊதா, வெயில் கூடினால் ஒரு மாதிரி இளஞ்சிவப்பு என்று நிறம் மாறிக்கொண்டே இருக்கும். சமவெளியில் இவ்வளவு தாங்கும் வேறொரு ரோஜா அடுக்கை நான் பார்த்ததில்லை. இலை ஒன்று உதிர்ந்து பக்கத்துத் தொட்டியில் விழுந்தாலும் அங்கே ஒரு செடி வந்துவிடும். இதையும் எச்சிவேரியாவையும் கலந்து உண்டாக்கிய கிராப்டோவேரியா கலப்பினங்களும் ஓரளவு தாங்கும், அடுத்த படியாக அவற்றை வாங்கலாம்.

நம் வீட்டுச் சோற்றுக்கற்றாழையும் இந்த ரோஜா அடுக்குக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், ரயில் தண்டவாளத்து ஓரத்தில் நிற்கும் ரயில் கற்றாழையும்தான். ரயில் கற்றாழையின் அகேவ் இனத்தில் தொட்டிக்கு ஏற்ற குள்ள வகைகள் இருக்கின்றன, வெயிலுக்கு அசரவே அசராது. முள் மட்டும் கண் மட்டத்தில் இல்லாதபடி வையுங்கள், சின்னப் பிள்ளைகள் ஓடும் வீடு என்றால் வேண்டவே வேண்டாம்.

எச்சிவேரியாவில் எலிகன்ஸ், பேர்ல் வான் நூர்ன்பெர்க் போன்றவை எளிதில் கிடைக்கும், ஒரு கோடையைத் தாண்டிய அனுபவம் வந்த பிறகு வாங்குங்கள். மேலே மாவு பூசியது போல வெள்ளைப்பொடி அதிகம் உள்ள லௌயி, லோலா எல்லாம் சமவெளியில் கழுத்தறுப்பு, விலையும் கூடுதல். செம்பர்விவம் ஐரோப்பிய மலைகளைச் சேர்ந்தது, ஏயோனியம் பெரும்பாலும் கேனரித் தீவுகள்; ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியாவில் இருக்கிறீர்களா, தாராளமாக வாங்குங்கள். மற்றவர்கள் படத்தில் பார்த்து ரசித்துக்கொள்ளலாம். ஓசூர், பெங்களூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். அந்த 900 மீட்டர் உயரத்து இரவுக்கு எச்சிவேரியாவே நன்றாக வரும்.

கடையில் நிற்கும்போது

வாங்கச் சிறந்த காலம் பொங்கலை ஒட்டி. செடிக்கு இரண்டு மாதம் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். மே மாதத்தில் தள்ளுபடி என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள், அக்டோபர் நவம்பரிலும் வேண்டாம்.

செடியைக் கையில் எடுத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடாமல் நின்றால் வேர் இருக்கிறது. அடியிலை ஒன்றிரண்டு காய்ந்து பேப்பர் மாதிரி இருந்தால் பிரச்சினையே இல்லை, அது வயதான இலை. அடியிலை மஞ்சளாகி, உள்ளே தண்ணீர் கோர்த்தது போலத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நடுக்குருத்தை உற்றுப் பாருங்கள். பஞ்சுத் துணுக்கு மாதிரி வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி, அந்தச் செடியை மட்டுமில்லை, அந்த மேஜையில் இருக்கும் எதையும் வாங்காதீர்கள்.

மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், செடிக்கு நீலம், தங்கநிறம் என்று பெயின்ட் அடித்திருப்பார்கள். பெயின்ட் அடித்த இலைக்கு வெளிச்சம் போகாது, அதை வாங்குவது பூச்சாடிப் பூ வாங்குவதற்குச் சமம். இணையத்தில் "வானவில் நிறச் சக்குலென்ட் விதை, நூறு விதை" என்று வருவதெல்லாம் ஏமாற்று. அப்படி நிறத்தில் செடியே கிடையாது, படம் கணினியில் நிறம் ஏற்றியது.

மண்

நர்சரியிலிருந்து வரும் செடி பெரும்பாலும் தேங்காய் நார்த்தூளில்தான் உட்கார்ந்திருக்கும். அவர்களுக்கு அது வசதி: எடை குறைவு, வேரும் சீக்கிரம் ஓடும். நம்மிடம் வந்ததும் அதுவே எமன். நார்த்தூள் ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும், முழுக்கக் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை உள்ளேயே விடாது, மேலே ஊற்றினால் ஓரமாக வழிந்து ஓடிவிடும். எனவே வாங்கி வந்த வாரத்திலேயே மாற்றி நட வேண்டும்.

கலவைக்கு விலையுயர்ந்த சாமான் எதுவும் தேவையில்லை. மூன்று பங்கு கல் வகை, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய இலை உரமோ மண்புழு உரமோ. கல் வகை என்றால் நர்சரியில் சிண்டர் என்று கேட்டால் கிடைக்கும் எரிந்த நிலக்கரிக் கட்டி, பெர்லைட், ப்யூமிஸ், இல்லையென்றால் வீடு கட்டும் இடத்தில் கிடக்கும் செங்கல் உடைசல். செங்கல் அருமையான பொருள், நுண்ணிய ஓட்டைகள் இருப்பதால் கொஞ்சம் ஈரம் பிடித்துக் கொஞ்சமாக விடும். சுத்தியலால் உடைத்து, மிளகு அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரை இருப்பதை மட்டும் சல்லடையில் பிரித்தெடுங்கள். கீழே விழும் தூளைக் கொட்டிவிட வேண்டும், இந்த வேலையை மட்டும் சோம்பல்படாமல் செய்யுங்கள். தூள்தான் இடைவெளியை அடைத்து மண்ணைக் களியாக்கும். எம்.சாண்ட் போடுவதானாலும் கழுவி, தூள் போக்கிய பிறகே. கடற்கரை மணல் கூடாது, உப்பு.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கலவையைத் தொட்டியில் நிரப்பி ஒரு டம்ளர் தண்ணீரைச் சட்டென்று ஊற்றுங்கள். மேலே தேங்காமல் அப்படியே இறங்கி அடியில் ஒழுகத் தொடங்கிவிட வேண்டும். குளம் கட்டி நின்றால் இன்னும் கல் சேருங்கள். கடலோர ஊர்க்காரர்கள் கல்லை நான்கு பங்காகவே வைத்துக்கொள்ளலாம், காற்றில் ஈரம் இருப்பதால் அங்கே மண் மெதுவாகத்தான் காயும்.

தொட்டி, நடவு

மண் தொட்டி. அதற்கே முதலிடம், சுவர் வழியாக ஈரம் வெளியேறும். பிளாஸ்டிக் தொட்டியும் பாதகமில்லை, தண்ணீர் விடும் இடைவெளியை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். ஓட்டை இல்லாத பீங்கான் கோப்பை, கண்ணாடிக் கிண்ணம் இதெல்லாம் படம் எடுக்க மட்டுமே. செடியின் விட்டத்தைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வைத்தால் சீக்கிரம் பெரிதாகும் என்று நினைப்பார்கள், வேர் எட்டாத இடத்து மண் ஈரமாகவே கிடப்பதுதான் மிச்சம்.

அடியில் ஒரு அடுக்கு ஜல்லி போட்டால் வடிகால் நன்றாக இருக்கும் என்பது பரம்பரையாக வரும் நம்பிக்கை. உண்மையில் மெல்லிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் சுலபத்தில் இறங்காது, மண் முழுக்க ஊறிய பிறகே இறங்கும். ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும் என்பதுதான் அதன் பலன். ஓட்டையின் மேல் ஒரு கொசுவலைத் துண்டு போட்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே கலவை நிரப்புங்கள்.

நடவு இப்படி. நடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, பழைய மண் காய்ந்ததும் செடியை எடுங்கள். அடித்தண்டைப் பிடியுங்கள், இலையைத் தொடாதீர்கள். அந்த வெள்ளைப்பொடி வெயிலிலிருந்து இலையைக் காக்கும் பூச்சு, ஒருமுறை கைரேகை பட்டால் அந்த இலையில் திரும்ப வராது. நார்த்தூளை விரலால் மெல்ல உதிர்த்து எடுக்கவும், சிக்கியது வரவில்லை என்றால் வேரைத் தண்ணீரில் ஆட்டிக் கழுவலாம். நடுவில் ஒரு சின்ன வலைக்கூடை மாதிரி ஏதாவது வேரைச் சுற்றி இருந்தால் அதையும் வெட்டி எடுத்துவிடுங்கள். கறுத்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வரும் வேர்களை நறுக்குங்கள். அப்புறம் செடியை இரண்டு நாள் நிழலில் ஒரு பேப்பர் மேல் சும்மா போட்டு வையுங்கள். சும்மாதான். அறுந்த வேரெல்லாம் காய்ந்து மூடிக்கொள்ளட்டும், அதற்குள் செடி ஒன்றும் வாடிவிடாது, இலைக்குள் வாரக்கணக்கில் தாங்கும் தண்ணீர் இருக்கிறது. பிறகு காய்ந்த கலவையில் நட்டு, அடியிலை மண்ணில் படாதபடி மேலே சின்னக் கல் பரப்பி, நான்கைந்து நாள் கழித்து முதல் தண்ணீர்.

வெளிச்சம்

எச்சிவேரியா வகைக்குத் தினமும் நாலைந்து மணி நேரம் காலை வெயில் வேண்டும். கிழக்கு பால்கனி கிடைத்தால் வேறெங்கும் தேட வேண்டாம். மேற்கு பால்கனி என்றால் மதிய வெயில் நேராக அடிக்கும், அதோடு சுவர் ராத்திரி பதினோரு மணி வரை சூட்டைக் கக்கும், இரவுச் சூடுதான் எதிரி என்று முதலில் பார்த்தோமே, அதனால் சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு ஸ்டாண்ட் போட்டுத் தள்ளி வையுங்கள். மொட்டைமாடித் தரையிலும் நேரடியாக வைக்கக் கூடாது. இரண்டு செங்கல் மேல் ஒரு பலகை, அதன் மேல் தொட்டி, அடியில் காற்று ஓட வேண்டும்.

கடை நிழலில் இருந்த செடியை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலையில் பழுப்புத் தழும்பு விழும், அது ஆறாது. முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இரண்டு வாரத்தில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். கத்திரி தொடங்குவதற்கு முன்பே ஐம்பது சதவீத நிழல் தரும் பசுமை வலை கட்டிவிடுவது நல்லது.

வீட்டுக்குள் டீவி பக்கத்தில், படிப்பு மேஜையில் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். எச்சிவேரியாவை வைக்க முடியாது. நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் அறை அதற்கு இருட்டு. ஹவார்த்தியாவை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: கிழமை பார்த்து ஊற்றாதீர்கள்

ஞாயிறு தோறும், பத்து நாளைக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்தால் ஏதாவது ஒரு மாதத்தில் செடி போய்விடும். ஒரு ஈர்க்குச்சியை எடுத்துத் தொட்டியின் ஓரமாக அடிவரை குத்தி, ஐந்து நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். குச்சி கறுத்து ஈரமாக இருந்தாலோ மண் ஒட்டியிருந்தாலோ இன்று தண்ணீர் இல்லை. காய்ந்து வந்தாலும் உடனே ஊற்ற வேண்டாம், அடியிலையை விரல்களுக்கிடையில் லேசாக அழுத்துங்கள். கல் மாதிரி இருந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் தளர்ந்து, மெல்லிய சுருக்கம் விழுந்திருந்தால் ஊற்றுங்கள்.

ஊற்றும்போது தயங்கக் கூடாது, அடியில் ஒழுகும் வரை ஊற்ற வேண்டும். ஸ்பிரே பாட்டிலில் இரண்டு பீச்சு பீச்சுவது எதற்கும் உதவாது. வேருக்குப் போகாது, குருத்தில் மட்டும் தேங்கும். செடியின் மேல் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள், தவறிக் குருத்தில் தங்கிவிட்டால் ஊதி எடுத்துவிடுங்கள் அல்லது டிஷ்யூ முனையால் ஒற்றி எடுங்கள். தட்டில் வடிந்ததைக் கொட்டிவிட வேண்டும். போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். முடிந்தபோது மழைத்தண்ணீர் பிடித்து விடுங்கள்.

குளிர்ந்த மாதங்களில் காலையில் ஊற்றலாம். கோடையில் சூரியன் இறங்கிய பிறகு, தொட்டி தொட்டுப் பார்க்கச் சூடு தணிந்ததும், அதுவும் இலை நன்றாகச் சுருங்கிய பிறகே, வழக்கத்தில் பாதி. கோடையில் செடி கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும், அடியிலைகள் ஒவ்வொன்றாகக் காயும், அடுக்கு இறுகி மூடிக்கொள்ளும். பதறி உரம் போடாதீர்கள், மாற்றி நடாதீர்கள், இடம் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். தென்மேற்குக் காற்று வந்து இரவு தணிந்ததும் தானாகத் திரும்பும்.

வடகிழக்குப் பருவமழை வேறு மாதிரித் தொல்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒரு நாள் மழை பரவாயில்லை, நல்ல கலவையில் இருந்தால் தாங்கும். மூன்று நாள் விடாமல் பெய்து, அடுத்த நாள் சுள்ளென்று வெயில் அடிப்பதுதான் ஆகாது. மழை எச்சரிக்கை வந்ததும் கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் ஷீட் போட்ட இடம் கிடைத்தால் உத்தமம். சுற்றிலும் அடைத்து மூடாதீர்கள், காற்று வேண்டும். அந்த நாட்களில் தண்ணீரே தேவைப்படாது, காற்றிலேயே அவ்வளவு ஈரம் இருக்கும்.

தண்டு நீண்டுபோனால்

அடுக்கு இறுக்கமாக இல்லாமல் இலைகள் கீழ்நோக்கி மடங்கி, நடுத்தண்டு வெளியே தெரிந்தால் வெளிச்சம் போதவில்லை. நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது. தலையை வெட்டி நடுவதுதான் வழி, பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஒன்றும் ஆகாது. கோடையிலும் அடைமழையிலும் மட்டும் செய்யாதீர்கள், ஜனவரி பிப்ரவரி தோதான நேரம்.

மேலே உள்ள அடுக்குக்குக் கீழே இரண்டு விரல் தண்டு விட்டு, ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் ஒரே வீச்சில் வெட்டுங்கள். இலைகள் நெருக்கமாக இருந்து பிளேடு நுழையவில்லை என்றால் மீன்பிடி நைலான் நூலைத் தண்டைச் சுற்றி ஒரு சுருக்குப் போட்டு இரண்டு பக்கமும் இழுங்கள், சுத்தமாக அறுந்துவிடும். வெட்டிய இடத்தைப் பாருங்கள். முழுக்க வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். நடுவில் பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் அழுகல் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, பிளேடைத் துடைத்துவிட்டு அரை விரல் மேலே மறுபடி வெட்டுங்கள், சுத்தமான பச்சை வரும் வரை. தலையை ஒரு காலி டம்ளர் வாயில் உட்கார வைத்து ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, பிறகு காய்ந்த கலவையில் நட்டு வேர் வந்ததும் தண்ணீர் விடுங்கள். அடிக்கட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் இலை இருந்த வடுக்களிலிருந்து குட்டிகள் முளைக்கும். ஒரு தலைக்கு நாலு தலை லாபம்.

இலையிலிருந்து செடி

கிராப்டோபெட்டலம், எச்சிவேரியா இரண்டுக்கும் இது சுலபம். ஹவார்த்தியாவுக்கு இந்தப் பாடு வேண்டாம், பக்கத்தில் வரும் குட்டியையே வேரோடு பிரித்து நடலாம். ஏயோனியமும் செம்பர்விவமும் இலையிலிருந்து வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ் அடுக்கிலிருந்து ஆரோக்கியமான, கொழுத்த இலையாக ஒன்றை எடுங்கள். கட்டைவிரலால் இடமும் வலமும் மெல்ல அசைத்தால் 'டக்' என்று தண்டிலிருந்து விடுபடும். இலையின் அடி முழுதாக வர வேண்டும். பாதி கிழிந்து வந்தால் குட்டி வராது, ஏனென்றால் குட்டி முளைக்கும் செல்கள் அந்த அடியில்தான் இருக்கின்றன. மூன்று நாள் நிழலில் காயவிட்டு ஒரு தட்டில் கலவையைப் பரப்பி அதன் மேல் படுக்க வையுங்கள். புதைக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் வெட்டுமுனையில் நூல் மாதிரி இளஞ்சிவப்பு வேர் தலைகாட்டும், அதை ஒட்டிக் கடுகளவில் ஒரு புள்ளி. கொஞ்ச நாளில் அந்தக் கடுகிலேயே ஐந்தாறு இலை பிரிந்து, முழு அடுக்கு சின்ன உருவத்தில் தெரியும், பார்க்கப் பார்க்க அலுக்காது. சில இலைகளில் வேர் மட்டும் வரும், சிலவற்றில் குட்டி மட்டும் வரும், சில அழுகும். பத்து இலை வைத்தால் எல்லாம் வராது என்று தெரிந்தே வையுங்கள். வேர் வந்த பிறகு அதன் மேல் கொஞ்சம் மண் தூவி, மேல்மண் காயும்போது லேசாக ஈரப்படுத்தலாம். ஸ்பிரே பாட்டிலுக்கு உபயோகம் இங்கே மட்டும்தான். தாய் இலை காய்ந்து சருகாகும் வரை பிய்க்காதீர்கள், குட்டிக்குச் சாப்பாடு அதிலிருந்துதான் போகிறது.

பூச்சியும் பூவும்

மாவுப்பூச்சி வந்தே தீரும். எறும்பு வரிசை செடியில் ஏறுகிறதென்றால் மேலே மாவுப்பூச்சி இருக்கிறது. அது சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த செடியில் குடி வைக்கும். காது குடையும் பட்ஸை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள், தொட்டதும் வெள்ளை கரைந்து பழுப்பாகும். இதை மாலையில் செய்து, இரண்டு நாள் வெயில் படாமல் வையுங்கள். வாரம் ஒருமுறை மூன்று நான்கு வாரம் தொடர வேண்டும், முட்டைகள் மிச்சம் இருக்கும். வேப்பெண்ணெய் கேட்பவர்களுக்கு: கொல்லும், ஆனால் வெள்ளைப்பொடியையும் கூட்டிக்கொண்டு போகும், வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும். நான் பரிந்துரைப்பதில்லை. காரணமே இல்லாமல் செடி வளராமல் நின்றால் வேரைப் பிடுங்கிப் பாருங்கள், வேரிலும் ஒரு மாவுப்பூச்சி வகை உண்டு. மண்ணை முழுக்க எறிந்து, வேரைக் கழுவி, புது மண்ணில் நடுங்கள்.

பூனை, நாய் உள்ள வீட்டில் எச்சிவேரியாவும் ஹவார்த்தியாவும் பயமில்லை. சோற்றுக்கற்றாழையும் ரணகள்ளி வகையும் அவற்றுக்கு ஆகாது, எட்டாத இடத்தில் வையுங்கள்.

பூ வந்தால் செடி செத்துவிடும் என்று கேள்விப்பட்டுப் பதறுகிறவர்கள் உண்டு. அகேவ், செம்பர்விவம், ஏயோனியம் இவற்றில் பூத்த அடுக்கு சாகும் என்பது உண்மை. ரயில் கற்றாழை பல வருடம் காத்திருந்து, ஆளைவிட உயரமாக ஒரே ஒரு கம்பம் விட்டுப் பூத்து முடிந்துவிடும், சுற்றிலும் குட்டிகளை விட்டுவிட்டு. எச்சிவேரியா, கிராப்டோபெட்டலம், ஹவார்த்தியா அப்படியில்லை. பக்கவாட்டில் தண்டு விட்டுப் பூக்கும், ஆண்டுதோறும் பூக்கும். புதிதாக நட்ட, நோஞ்சானாக இருக்கும் செடி என்றால் பூந்தண்டை மொட்டிலேயே நறுக்கிவிடலாம், தெம்பு மிச்சமாகும். மற்றபடி பூக்கட்டும், ஆனால் மாவுப்பூச்சி முதலில் கூடு கட்டுவது அந்தப் பூந்தண்டில்தான், ஆகவே இரண்டு நாளைக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். பூ உதிர்ந்ததும் அடியில் இரண்டு விரல் விட்டு வெட்டுங்கள். மிச்சத் தண்டை இழுத்துப் பிடுங்காமல் விட்டால் காய்ந்து, ஒரு நாள் தொட்டதும் கையோடு வந்துவிடும்.